சேரி வாசலும் ஆன்ம மேய்ப்பும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் கல்வி, வேலைவாய்ப்பு, சட்ட உரிமை ஆகியவற்றைப் பற்றியே வரைவர். அது முற்றிலும் தக்கதே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ சற்று வேறானது. துயருற்றவர் அருகில் அமர்ந்து, அவர் கூறுவதைச் செவிமடுத்து, அவர் உள்ளத்தைத் தேற்றி, வழிகாட்டும் பணியைக் கிறித்தவ சமயத்தார் ‘ஆன்மப் பராமரிப்பு’ என்றும் ‘மேய்ப்புப் பணி’ என்றும் வழங்குவர். அப்பணி தமிழகத்தில் நம் மக்களிடையே எவ்வாறு நடைபெற்றது, அதனை யார் செய்தனர், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பதே நாம் கூறப்புகும் வரலாறாகும்.

நம் சங்கத்தில் இந்துக்களும் கிறித்தவர்களும் பௌத்தர்களும் உறுப்பினராக உள்ளனர். ‘சர்ச்சுக்குள் நடந்த கதை எமக்கு எதற்கு?’ என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். யார் எவர் வீட்டு வாசலை மிதிக்கலாம், யார் கையால் யார் உண்ணலாம் என்னும் கேள்விகள் ஒரு சமயத்தோடு அடங்கியவை அல்ல என்பதை அவர்கள் நன்கறிவர். ஆன்மாவைத் தேற்ற வந்தவர்களும் அவ்வாசலில் வந்து தயங்கி நின்றனர் என்பதுதான் இக்கதையின் தொடக்கம்.

இராபர்ட் டி நொபிலி என்னும் இயேசு சபைத் துறவி 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். அவர் பார்ப்பனத் துறவியைப் போலக் காவியுடுத்து, புலால் தவிர்த்து, உயர்சாதியாரிடையே சமயம் பரப்பினார். தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டினை நாம் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆயினும் அவர் மேற்கொண்ட வாழ்க்கைமுறைக்கு ஒரு விலை இருந்தது. அக்கோலத்தில் இருப்பவர் நம் மக்களோடு வெளிப்படையாகக் கலந்து பழக இயலாது. இக்குறையை நீக்கவே 1640ஆம் ஆண்டளவில் பல்தசார் டா கோஸ்டா என்னும் குருவானவர் ‘பண்டாரசுவாமி’ என்ற வேறொரு கோலத்தை மேற்கொண்டார். ஐயர் கோலத்தினர் மேலோர்க்கு, பண்டாரக் கோலத்தினர் ஏனையோர்க்கு எனப் பணி பிரிந்தது. கடவுள் ஒருவரே என்று கற்பித்தவர்கள் அவரிடம் கொண்டு சேர்க்கும் கைகளை இரண்டாக்கிக் கொண்டனர்.

இப்பிரிவினை எங்கே வந்து முட்டியது என்றால், சாகும் தறுவாயில் இருந்தவர்களின் குடிசையில் வந்து முட்டியது. கத்தோலிக்க சமயத்தில் இறக்கும் நிலையிலுள்ளவருக்கு குருவானவர் வந்து பாவ அறிக்கை கேட்டு, எண்ணெய் பூசி, நற்கருணை வழங்குதல் இன்றியமையாத கடமையாகும். ஆன்மப் பராமரிப்பின் உச்சமே அதுதான் எனலாம். நம் மக்களுள் ஒருவர் அந்நிலையில் சேரிக்குள் கிடந்தால் குருவானவர் உள்ளே வரத் தயங்கினார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் வெளியில் வைத்துச் சடங்கு நடக்கும். மூச்சு வாங்கும் உடலைக் கட்டிலோடு சுமந்து சென்ற உறவினர்களின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இது உரோமாபுரி வரை சென்றது. போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் என்பவர் 1703ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். 1704ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாளிட்ட ஆணையொன்றில் தமிழகக் குருமார்களின் பழக்கங்கள் பலவற்றைக் கண்டித்தார். பூணூல், தாலி, திருமணச் சடங்குகள் பற்றிய கண்டனங்களையே வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நமக்கு முக்கியமான விதி வேறொன்று. நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குக் குருமார்கள் நேரில் செல்லவேண்டும், அவர்கள் தூக்கி வரப்படும்வரை காத்திருத்தல் கூடாது என்பதே அது. சேரிக் குடிசையின் வாசலைத் தாண்டுக என்று ஓர் அரசாங்கமும் ஆணையிடாத காலத்தில், பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வந்த ஒருவர் அதனை எழுத்தில் ஆணையிட்டார்.

ஆணை பிறந்தவுடன் வாசல் திறந்துவிடவில்லை. அவ்வாறு சென்றால் உயர்சாதிக் கிறித்தவர்கள் சபையை விட்டே போய்விடுவர் என்று குருமார்கள் மேல்முறையீடு செய்தனர். வழக்கு நாற்பது ஆண்டுகள் நடந்தது. போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் 1744ஆம் ஆண்டு செப்டம்பரில் இறுதி முடிவை அறிவித்தபோது, பறையர்களுக்கென்றே தனியே சில குருமார்களை அமர்த்துவது என்னும் ஏற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாசல் தாண்டப்பட்டது உண்மை. தாண்டியவர் மீண்டும் மேலோர் வீட்டு வாசலுக்குப் போகாதபடி பார்த்துக்கொண்டனர் என்பதும் உண்மை. இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர் தேறுதல் இன்றி இறந்தனர் என்பதை எண்ணினால், முதலாவது சொல்லைப் பயன்படுத்த நமக்கு மனம் வரவில்லை.

புராட்டஸ்டண்டு சபைகள் இவ்வகையில் மேம்பட்டிருந்தன என்று கருதுவோர் உளர். சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்றார், அச்சகம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். 1714ஆம் ஆண்டில் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயின. சேரியில் எழுத்தறிந்த ஒருவன் கையில் ஒரு நூல் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அடுத்து வரும் வரலாறே சான்று.

இராசநாயக்கன் என்பவர் 1700ஆம் ஆண்டில் கத்தோலிக்கப் பறையர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் சேவகராக இருந்தார். அச்சிட்ட தமிழ் வேத நூல் அவர் கைக்கு வந்தது. அதனைப் படித்துத் தெளிந்தவர் தரங்கம்பாடிச் சபையோடு தொடர்பு கொண்டு, 1720களின் இறுதியில் படைவேலையை விடுத்து உபதேசியார் ஆனார். அக்காலத்தில் ஐரோப்பியப் போதகர்கள் தஞ்சை நாட்டுக்குள் தாராளமாக நுழைய முடியாது. சீகன்பால்கே எல்லையில் தடுக்கப்பட்டவர்தாம். ஆதலால் தஞ்சை நாட்டின் ஊர்களில் சிதறிக் கிடந்த சிறு சபைகளை நடந்து நடந்து பார்த்து வந்தவர்கள் உபதேசியார்களே. நோயாளிக்கு ஜெபம் செய்தல், பிணக்குத் தீர்த்தல், இழவு வீட்டில் உடனிருத்தல், சிறுவர்க்கு ஞானபோதம் சொல்லிக்கொடுத்தல், மனந்தளர்ந்து பழைய வழிக்குத் திரும்ப எண்ணியவனைத் தேடிச் சென்று பேசுதல் ஆகிய யாவும் அவர்கள் கடமை. எதிர்ப்புகளையும் தாக்குதல்களையும் பொறுத்துக்கொண்டு இராசநாயக்கன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பணியைச் செய்தார்.

இதற்கிடையே தரங்கம்பாடிச் சபை தமிழர்களையே போதகர்களாக அபிடேகம் செய்யத் தொடங்கியது. 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கடலூரைச் சேர்ந்த வேளாளராகிய ஆரோன் முதல் தமிழ்ப் போதகரானார். அவர் நல்லவர், உழைப்பாளி. அவரைப் பற்றி நமக்குக் குறை ஏதுமில்லை. அடுத்தவரைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது இராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவரது தகுதியில் எவருக்கும் ஐயமில்லை. தடை ஒன்றே ஒன்றுதான். போதகர் ஆனவர் திருவிருந்து வழங்கவேண்டும். அப்பத்தையும் திராட்சை இரசக் கிண்ணத்தையும் தம் கையால் ஒவ்வொருவருக்கும் கொடுக்கவேண்டும். பறையர் ஒருவரின் கையிலிருந்து அதனை வாங்க உயர்சாதிக் கிறித்தவர் உடன்படார், அந்தச் சடங்கின் மதிப்பே அவர்களிடையே குறைந்துபோகும் என்று ஐரோப்பியப் போதகர்கள் அஞ்சினர். 1741ஆம் ஆண்டில் தியோகு என்பவர் இரண்டாம் போதகராக அபிடேகம் பெற்றார். இராசநாயக்கன் உபதேசியாராகவே வாழ்ந்து 1771ஆம் ஆண்டில் காலமானார்.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். அவருடைய சொல் வேண்டியிருந்தது, அவருடைய கால்கள் வேண்டியிருந்தன, இரவில் காய்ச்சல்காரன் தலைமாட்டில் அவர் விழித்திருப்பதும் வேண்டியிருந்தது. அவருடைய கை மட்டும் வேண்டியிருக்கவில்லை. பணி நம்முடையது, பட்டம் பிறருடையது என்னும் இந்த ஏற்பாட்டை நாம் வேறு பல துறைகளிலும் கண்டிருக்கிறோம் ஆதலின், இது நமக்குப் புதுமையாகத் தோன்றாது. ஆன்மாவைக் காக்கும் துறையிலும் இது இருந்தது என்பதை மட்டும் இளைஞர்கள் அறிந்துகொள்ளட்டும். முப்பது ஆண்டுகள் தம்மைத் தாண்டிப் பிறர் உயர்த்தப்படுவதைப் பார்த்துக்கொண்டே பிறரைத் தேற்றிவந்த அம்மனிதரைத் தேற்றியவர் யார் என்னும் வினாவுக்கும் ஏடுகளில் விடை இல்லை.

கோயில்களில் நம் மக்கள் தனியே விலகி அமரும் வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டில், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, அறவே விட்டொழிக்கவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதியார் பலர் சபையை விட்டே வெளியேறினர். சாதியைப் பற்றிச் சற்று மென்மையாக இருந்த வேறொரு சங்கத்தில் அவர்களுள் சிலர் பின்னர் அடைக்கலம் புகுந்தனர். இதன் விவரங்கள் பல நூல்களில் கிடைக்குமாதலின் நாம் விரிக்கவில்லை.

கிண்ணத்தைத் தொட விடாத தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வெகுதொலைவில், அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த மயிலாடி என்னும் சிற்றூரில் வேறுவிதமான வரலாறு ஒன்று நிகழ்ந்தது. இன்று அவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிற்பிகளின் ஊராகப் புகழ் பெற்றிருக்கிறது. அங்கே சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். அங்கு மனம் நிறைவு பெறாமல், திரும்பும் வழியில் தஞ்சையில் கோலாப் என்னும் போதகரின் உபதேசத்தைக் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். இது 1799ஆம் ஆண்டளவில் நடந்தது. ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. போதகர் ஒருவர் வரும்வரை காத்திராமல் தாமே தம் மக்களைக் கூட்டி ஜெபம் நடத்தினார், நூல்களைப் படித்துக் காட்டினார். சபை முதலில் தோன்றியது, வெள்ளைக்காரப் போதகர் பின்னரே வந்தார். வில்லியம் ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டில் மயிலாடிக்கு வந்தபோது அவரை வரவேற்க ஒரு கூட்டம் ஏற்கெனவே அங்கு இருந்தது. 1809இல் கோயில் எழுந்தது.

ரிங்கல்தௌபே 1816ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றி ஊரை விட்டுச் சென்றார். செல்லுமுன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். அடுத்த போதகராகிய சார்லஸ் மீட் வந்து சேர்ந்தது 1818இல். இடைப்பட்ட காலத்தில் அச்சபைகளைக் கட்டிக் காத்தவர் வேதமாணிக்கமே. மேலாடை அணியும் உரிமைகூட மறுக்கப்பட்டிருந்த ஒரு நாட்டில், ஊழியமும் வரியும் அடியும் உதையும் நாள்தோறும் வாங்கிய மக்களின் மேய்ப்பராக, அவர்களுள் ஒருவரே நின்றார். தரங்கம்பாடி தயங்கியதை மயிலாடி செய்தது. மயிலாடியில் கையை மறுக்க உயர்சாதியார் எவரும் சபையில் இல்லை என்பதுதான் காரணம் என்று எவரேனும் கூறுவாராயின், நாம் மறுக்கமாட்டோம். ஆயினும் தலைமைப் பொறுப்பு நம் கைக்கு வந்தபோது அது சிதையவில்லை என்பதற்கு அவ்விரண்டு ஆண்டுகள் போதிய சான்று.

இனி நம் பகுதிக்கு வருவோம். ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், போரூர், பூவிருந்தவல்லி ஆகிய யாவும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ‘தாங்கல்’ என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல் என்பதை மூத்தோர் அறிவர். அடுக்குமாடி வீடுகளுக்கு இடையில் வளர்ந்த இன்றைய சிறுவர்களுக்கு நாம்தாம் சொல்லவேண்டும். ஏரியும் நஞ்சையும் மிராசுதாரர்க்கும், உழைப்பு நம் முன்னோர்க்கும் என்றிருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இம்மாவட்டத்தில் இரு போதகர்கள் நம் மக்களிடையே பணிபுரிந்தனர். ஒருவர் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, செங்கற்பட்டுப் பகுதியில் இருந்தவர். மற்றவர் வெஸ்லியன் மெத்தடிஸ்டு சபையின் வில்லியம் கௌடி, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் இருந்தவர்.

இவர்கள் ஆன்மாவைப் பற்றிப் பேச வந்தவர்கள். சேரிக்குள் வந்து அமர்ந்ததும் மக்கள் பேசியதோ வேறு. கடனுக்காகப் பண்ணையில் அடைபட்ட மகனைப் பற்றிப் பேசினர். குடியிருக்கும் மனைக்கட்டு தமக்குச் சொந்தமில்லாததால் எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்னும் அச்சத்தைப் பற்றிப் பேசினர். கிணற்றைப் பற்றியும், வாங்கிய அடியைப் பற்றியும் பேசினர். ஆன்மாவின் துயர் என்று தனியே ஒன்று இருப்பதாக அவர்கள் அறியவில்லை. ‘இவையெல்லாம் உலக காரியங்கள், நாங்கள் மறுமையைப் பற்றியே பேசுவோம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போக ஆண்ட்ரூவாலும் கௌடியாலும் இயலவில்லை. மனுக்கள் எழுதினர், அதிகாரிகளைக் கண்டனர், பத்திரிகைகளில் வாதாடினர். ‘வயிற்றுக்காக மதம் மாறுகிறவர்கள்’ என்று நம் மக்களையும், ‘கூலியாட்களைத் தூண்டிவிடுகிறவர்கள்’ என்று போதகர்களையும் மிராசுதாரர்கள் இகழ்ந்தனர்.

மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹியர் 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டுப் பறையர்களின் நிலைபற்றி அளித்த குறிப்பும், அதன் விளைவாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணையும், நாம் ‘பஞ்சமி நிலம்’ என்று அழைக்கும் உரிமையின் மூலங்களாகும். அக்குறிப்புக்குப் பின்னணியில் போதகர்கள் இடைவிடாது எழுப்பிய குரலும் இருந்தது. ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகில் நிலம் பெற்று நம் மக்களைக் குடியமர்த்திய மெல்ரோசாபுரம் இன்றும் உள்ளது. போதகர்களைத் தெய்வமாக்க நாம் விரும்பவில்லை. தந்தை போல் நடத்தியவர்கள் பலர், சமமாக நடத்தியவர் சிலரே. ஆனால் ஒருவன் வாயால் சொல்லும் துயரை அவன் சொல்லுகிறவாறே கேட்டு எழுதிக்கொண்டால், அது தேறுதல் மொழியோடு நில்லாமல் மனுவாகவும் ஆணையாகவும் விரியக்கூடும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று.

அம்மனுக்களை நகலெடுத்தவரும், சேரியின் பேச்சை விளக்கிச் சொன்னவரும், போதகர் ஊர் திரும்பிய பின் அடிவாங்க எஞ்சியிருந்தவரும் உபதேசியாரே. பெரும்பாலும் அவர் நம்மவர், சில ரூபாய்ச் சம்பளக்காரர். பகலில் மரத்தடியிலோ மண்சுவர்க் கொட்டகையிலோ பள்ளிக்கூடம் நடத்துவார். வயலிலிருந்து மக்கள் திரும்பிய பிறகே சபை கூடும். ஆகவே ஜெபம் இருட்டியபின் விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கும். களைத்த கண்கள் மூடிக்கொள்ளும். அவர் சற்று உரக்கப் பாடுவார். அதன்பின் கூட்டம் கலையாது. கடிதம் படித்துக்காட்டவேண்டும், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவேண்டும், கணவன் மனைவி வழக்கைக் கேட்கவேண்டும். பெண்களின் துயரை உபதேசியாரின் மனைவியும், ‘வேதாகமப் பெண்கள்’ எனப்பட்ட ஊழியக்காரிகளும் அடுப்படியில் அமர்ந்து கேட்டனர். அறிக்கைகளில் அவர்களுடைய எண்ணிக்கை இருக்கும், பெயர் இராது. ஓராசிரியர் பள்ளி என்றால் என்னவென்று அறிந்த எம்போன்ற ஆசிரியர்களுக்கு, நம் தொழிலின் மூதாதையர் இவர்கள் என்பதில் ஐயமில்லை. இப்பகுதியின் முதியோர் சிலர் இன்றும் உபதேசியாரை ‘வாத்தியார்’ என்றே குறிப்பிடுவது அதனால்தான் போலும்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பணி ஒரு படிப்பாக மாறியது. அமெரிக்க நாட்டில் ஆன்டன் பாய்சன் என்னும் போதகர் தாமே மனநோயால் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். அவர் 1925ஆம் ஆண்டில் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே பயிற்றுவிக்கத் தொடங்கினார். நூல்களைப் படிப்பதுபோலவே மனிதரையும் படிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1970ஆம் ஆண்டில் ஜே ஆடம்ஸ் என்பவர் இதற்கு நேர்மாறான நூல் ஒன்றை வெளியிட்டார். மனநூல் வல்லுநர்களிடம் கற்க வேண்டியது அதிகமில்லை, வேதமே போதும், உடற்கோளாறால் வராத துன்பங்களின் வேர் பெரும்பாலும் பாவமே, அதனை எடுத்துக்காட்டித் திருத்துவதே ஆலோசகர் கடமை என்பது அவர் வாதம். ‘வேதாகம ஆலோசனை’ என்னும் பெயரில் அது பெரும் இயக்கமாயிற்று. நம் நாட்டில் வேலூரில் கிறித்தவ ஆலோசனை மையம் தோன்றி, உளவியலையும் சமயப் பற்றையும் சேர்த்துப் பயிற்சி அளித்துவந்தது. தமிழில் இக்கலைக்கு ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற பெயர் நிலைபெற்றது. பரிசில் பெற்ற பாணன், வழியில் கண்ட வறிய பாணனை வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை இலக்கியத்தை அறிந்தவர்கள் இப்பெயரின் அழகை உணர்வர். வழி சொல்பவனும் பசியறிந்தவனே என்பது அதன் உட்பொருள்.

ஆடம்ஸின் வாதத்தில் நாம் மதிக்கத்தக்க ஒன்று உண்டு. மனிதனைத் தன் செயலுக்குப் பொறுப்புடையவனாக அவர் மதிக்கிறார். குடிக்கு அடிமையாகி மனைவியை அடிக்கும் ஒருவனிடம், ‘நீ என்ன செய்வாய், சமூகம் அப்படி’ என்று கூறுவது ஆறுதலாகாது. ஆனால் நம் வரலாற்றைக் கொண்டு நோக்கினால் இவ்வாதத்தில் பெரும் குறை ஒன்று தென்படுகிறது. நம் மக்கள் சுமப்பது பெரும்பாலும் பிறர் செய்த பாவம். வகுப்பில் ஒரு சொல்லால் குத்தப்பட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளும் சிறுவனிடம் சென்று, உன்னுள் இருக்கும் பாவம் யாது என வினவுவது முறையா? வேதாகமத்திலேயே யோபுவின் நண்பர்கள் இப்பிழையைச் செய்தனர். அவனைக் காண வந்தவர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் அவனோடு தரையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல ஆற்றுப்படுத்துநர்கள். வாய் திறந்து ‘உன் குற்றமே காரணம்’ என்று வாதாடத் தொடங்கியபின் இறைவனே அவர்களைக் கடிந்துகொண்டதாக அந்நூல் கூறுகிறது. வேதாகம ஆலோசனை இயக்கத்தில் பின்வந்தோர் சிலரே இக்குறையை உணர்ந்து, பாவத்தைப் போலவே பட்ட துன்பத்தையும் கேட்டறிய வேண்டுமென எழுதினர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

மற்றொரு செய்தியையும் இளைஞர்களுக்குத் தெளிவாகக் கூறவேண்டும். உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, உயிர்மேல் வெறுப்பு ஆகியன நோயாகவும் இருக்கக்கூடும். அதற்கு மருத்துவம் உண்டு. சென்னைவாசிகளாகிய நாம் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லைக் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக எண்ணற்ற ஏழைகளைக் காத்த மருத்துவமனைக்கு நாம் செய்த மரியாதை இது! ஜெபித்தால் போதும் என்று மருந்தை நிறுத்தச் சொல்லும் ஊழியர், எச்சபையினராயினும், ஆன்மப் பராமரிப்பு அறியாதவர். தற்கொலைத் தடுப்புக்கென 1986ஆம் ஆண்டில் சென்னையில் ‘சிநேகா’ தோன்றியது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசு ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கி 14416 என்ற எண்ணை அளித்தது. நம் சங்கத்தின் படிப்பகச் சுவரில் இவ்வெண் எழுதப்படவேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

போதகர்களும் மருத்துவர்களும் கேட்டறியாத துயர் ஒன்று நம்மிடையே உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் அதனை அறிவர். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாளிட்ட குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். கோயிலை மாற்றியதால் சேரி மாறியதா, கிணறு மாறியதா, இடுகாடு மாறியதா? சபைக்குள்ளேயே இடுகாட்டுச் சுவர்கள் நின்ற நாடு இது. நடுவண் அரசு 2022ஆம் ஆண்டில் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறித்தவ ஆதிதிராவிடர்க்கும் அவ்வுரிமை வேண்டுமெனத் தீர்மானம் இயற்றியது.

இதன் நடுவே வளரும் பிள்ளைக்குச் சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். ஞாயிறு காலையில் ஒருவனாகவும் திங்கள் காலையில் வேறொருவனாகவும் விழித்தெழுகிறான். மேசையில் படிவம் விரிக்கப்படும்போது அவன் முகத்தில் ஓடும் அச்சத்தை எத்தனையோ ஜூன் மாதங்களில் கண்டிருக்கிறோம். இதனைப் பொய் என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பவர்களும், மோசடி என்று அலுவலகத்திலிருந்து கண்டிப்பவர்களும் உளர். இரண்டு பெயரின் பாரத்தையும் அப்பிள்ளைமேல் சுமத்தியவர் யார் என்று கேட்டுவிட்டு, பிறகு அவனிடம் பேசுவதே முறை. சபையின் போதகர்களுள் இதனைக் கேட்டவர் மிகச் சிலர். கேட்பவர் நம்மிடையிலிருந்து வந்தபோது நிலைமை சிறிது மாறியது. பெங்களூர் இறையியல் கல்லூரியில் 1981ஆம் ஆண்டில் அரவிந்த் நிர்மல் நிகழ்த்திய உரையிலிருந்து தலித் இறையியல் என்னும் துறை கிளைத்தது. பின்னர் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1990ஆம் ஆண்டில் நம் மக்களுள் ஒருவராகிய மாசிலாமணி அசரியா தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயரானார். இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட திருவிருந்துக் கிண்ணம், 249 ஆண்டுகளுக்குப் பின், பேராயர் கையில் இருந்தது.

மதுரை அரசரடியில் 1969ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர் ‘பரட்டை’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட தியோபிலஸ் அப்பாவு. கோயிலுக்குள் வரவிடாத பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கர்நாடக இசைக்கும் மேனாட்டுக் கீதத்துக்கும் பழகிய சபைகளில், களையெடுக்கும் பெண்கள் பாடும் மெட்டில் ஜெபங்களை அமைத்தார். அழுகையும் சினமும் அவர் பாடல்களில் மறைக்கப்படாமல் வந்தன. சேரிப் பேச்சில் பாடினால் அது கீழ்த்தரம் என்று முகஞ்சுளித்தவர்களில் நம்மவர்களும் இருந்தனர். தம் மொழியைத் தாமே இழிவாக எண்ணப் பழகியவனுக்கு அம்மொழியிலேயே கடவுளோடு பேசக் கற்பிப்பதைவிடப் பெரிய ஆற்றுப்படுத்தல் எதுவென்று நமக்குத் தெரியவில்லை. அவருடைய இறையியலின் நடுவில் இருந்த சொல் ‘ஒரே உலை’. வீடுதோறும் கொணரும் அரிசியை ஒரு பானையில் இட்டுப் பொங்கி, ஊரார் யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுதலே திருவிருந்தின் பொருள் என அவர் கற்பித்தார். 2005ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் மெட்டுகளைத் தமிழ்நாட்டுச் சேரிகளின் சிறு கோயில்களில் இன்றும் பறையடித்துப் பாடுகின்றனர்.